நூற்றுப் பத்தாவது குடம்

காலிப் பிளாஸ்டிக் குடத்தின் அடியில் முதல் தண்ணீர் விழும் அந்தத் 'தொம்' எங்கே கேட்டாலும் என் விரல்கள் பென்சிலைத் தேடும். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடைக் காலை. திருவொற்றியூரில் எங்கள் தெருமுனைக் கறுப்புத் தொட்டியை நிரப்பிவிட்டு லாரி போயிருந்தது. ஒன்பதாம் வகுப்புக்காரி நான். இடுப்பில் குடம், கையில் வீட்டுப்பாடத்துக்கான வரைபடத்தாள்.

வரிசையை எண்ணிப் பார்த்தேன். எங்கள் முதல் குடம் நூற்றுப் பதின்மூன்றாவது. எட்டு மணிக்கு இறால் உரிக்கும் கம்பெனியின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். நின்றும் தண்ணீர் கிடைக்காவிட்டால் அம்மாவுக்கு அன்றைக்கு வேலையும் இல்லை, வீட்டில் உலையும் இல்லை.

சும்மா நிற்கத் தெரியாத கால்கள் எனக்கு. தொட்டி மேடையில் ஏறி, மூங்கில் குச்சியை உள்ளே விட்டு அளந்தேன். முதல் குடத்துக்கு முன் நூற்றிருபது சென்டிமீட்டர். இருபது குடம் போனதும் நூறு. நாற்பதில் எண்பது. அறுபதில் அறுபது. நான்கு புள்ளிகள், ஸ்கேலை வைத்தால் நான்கும் ஒரே கோட்டில். பள்ளிக்கூடத்துக் கணக்குகூட எனக்கு அவ்வளவு நேராக வந்ததில்லை. கோட்டை இழுத்துக்கொண்டே போனேன். நூற்றிருபதாவது குடத்தில் தரை தட்டியது.

"நமக்குக் கெடைக்கும்மா," என்றேன்.

பின்னால் நின்ற அத்தை சிரித்தாள். "இன்னாடி, கோடு போட்டா தண்ணி வந்துருமா?"

அம்மா தாளைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தாள். "பைப்பு அடியிலயா கீது? அரை ஜாண் மேலல்ல கீது."

காது சுட்டது எனக்கு. அரை ஜாண் என்றால் பத்து சென்டிமீட்டர். அந்த உயரத்தில் குறுக்கே இன்னொரு கோடு போட்டேன். இரண்டும் வெட்டிக்கொண்ட இடம், நூற்றுப் பத்து.

"நூத்திப் பத்தோட நின்னுரும்மா," என்றதும் அம்மா குனிந்தாள். வரிசையிலிருந்து எங்கள் நான்கு குடங்களையும் உருவினாள். லாரி அடுத்து நிரப்பும் மார்க்கெட் தொட்டிக்கு, "நீயும் வா," என்று அத்தையைக் கூப்பிட்டாள்.

"போங்க போங்க. நீங்க போனா எனுக்கு நாலு கொடம் முன்னாடி வரும்," என்றாள் அத்தை.

நிரம்பிய குடங்களோடு நாங்கள் திரும்பியபோது வரிசை கலைந்து கிடந்தது. நூற்றுப் பத்தாவது குடம் கழுத்துவரை வந்து நின்றுவிட்டதாம். தெருவே என்னைத் திரும்பிப் பார்த்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் சங்கு ஊதியது. அதுவும் எனக்காகத்தான் என்று நினைத்தேன்.

அத்தை காலிக் குடத்தால் என் முதுகில் தட்டினாள். "நாளைக்கு எனுக்கும் ஒரு கோடு போடுடி, ராங்கி."

அம்மா எங்கள் நான்கில் ஒன்றை எடுத்து அத்தையின் குடத்தில் ஊற்றினாள். ஜெயித்தவர்கள் ஏன் தண்ணீரைக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. யார் யாருக்குக் கிடைக்காது என்று சொன்னதோடு என் கணக்கு முடிந்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பெனிக்கு ஓடினாள். தெருமுனையில் ஒரு கணம் நின்று திரும்பினாள்.

"வூட்டுக்கு மூணு கொடம்னு வெச்சா கடைசி வூடு வரைக்கும் வருதா? அந்தக் கோட்டைப் போட்டு வை. சாய்ந்தரம் வந்து பாக்கறேன்."