மணல் டிராகனும் ஈரத் தம்பியும்

எங்கள் தாய்மாமா கல்யாணம் ஆகாதவர். தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்களோடு ஒரே காம்பரா அறையில்தான் இருந்தார், வேலை தோட்டத்துத் துரை பங்களாவின் குசினியில் சமையல். அங்கிருந்த பீங்கான் சாடி ஒன்றில் தீ கக்கும் பிராணியொன்றை வரைந்திருந்தார்களாம். துரைசானி அதை டிராகன் என்றாராம். அந்த டிராகனைச் சாடியிலிருந்து இறக்கி, இந்தியாவில் ஒரு பாலைவனத்தில் குடிவைத்தது முழுக்க முழுக்க மாமாவின் கைங்கரியம்.

அப்பா குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விட விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்திருந்த நேரம் அது. திம்புள்ளைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் லயத்துக்கு லயம் அதே பேச்சுதான். மாமாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்ததால் அவர் இங்கேயே இருப்பார். அப்பா, அம்மா, நான், தம்பி நால்வரும் கப்பல் ஏற வேண்டும்.

"கப்பலவிட்டு எறங்குனா ஒரே மணல்காடு" என்றார் மாமா.

பகலெல்லாம் டிராகன் மணலுக்கு அடியில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு படுத்திருக்குமாம். ஏழு வருஷத்துக்கு ஒரு முட்டை. அதையும் வெயில்தான் அடைகாக்கும். தண்ணீரே குடிக்காதாம். அப்படியானால் தாகம் எடுத்தால் என்ன செய்யும்?

"ஈரமான ஆளுங்களப் புடிச்சு உறிஞ்சும். அந்த ஊர்க்காரங்க காஞ்சு கருவாடாக் கெடப்பாங்க, அவங்கள மோந்துகூடப் பாக்காது. நம்ம ஒடம்பு பனியிலயும் மழையிலயும் ஊறுனது. நாலு மைலுக்கு அங்கிட்டே வாட புடிச்சிரும். போக வேணாம்னு ஒங்கப்பாக்கிட்ட சொல்லு புள்ள."

சொன்னேன். "போடி கிறுக்கி" என்று சிரித்தார் அப்பா. எனக்கோ சிரிப்பு வரவில்லை.

எங்கள் தோட்டத்தில் ஈரமில்லாத பொருள் என்று எதைச் சொல்ல? மழைக்காலத்தில் தீப்பெட்டி நமுத்துப்போகும், உப்பு ஒழுகும். துணிகளை அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் காயவைப்போம். அதிலும் தம்பி இருக்கிறானே, இரண்டு வயதுப் பயல், படுத்த சாக்கைத் தினமும் நனைப்பவன். டிராகன் முதலில் அவனைத்தான் பிடிக்கும். நாங்களாவது ஓடிவிடலாம், அவனுக்கு ஒழுங்காக ஓடக்கூடத் தெரியாதே!

துணி காய்கிறது என்றால் பிள்ளை காயாதா?

மறுநாள் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் நின்றேன். தம்பியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்பாவும் அம்மாவும் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போனதும் அடுப்பை நன்றாக மூட்டி, அவனைக் கம்பளியில் சுற்றிப் பக்கத்தில் உட்காரவைத்தேன். "தண்ணி, தண்ணி" என்று அழுதான். எனக்கும் நாக்கு வறண்டது, நானும் குடிக்கவில்லை. "கொஞ்சம் பொறுத்துக்கடா, என் தங்கமில்ல" என்று கெஞ்சினேன். அவன் அழுகை குறையக் குறைய, ஈரம் வற்றுகிறது என்று சந்தோஷப்பட்டேன். பாவி, சந்தோஷப்பட்டேன்!

மத்தியானம் பங்களாவில் மிஞ்சிய பாண் ரொட்டித் துண்டுகளோடு மாமா வந்தார். தம்பியின் தலை தொங்கிக் கிடந்தது. "அய்யய்யோ, புள்ள நெருப்பாக் கொதிக்குதே!" என்று அலறியவர், கம்பளியை உருவி எறிந்துவிட்டு அவனை அள்ளிக்கொண்டு கொட்டும் மழையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நனைக்காதீங்க மாமா! நனைக்காதீங்க!" என்று வழியெல்லாம் கத்தினேன்.

டிஸ்பென்சரி ஐயா ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துத் துடைத்து, கரண்டி கரண்டியாகத் தண்ணீர் புகட்டினார். வெகுநேரம் கழித்துத் தம்பி கண்ணைத் திறந்து "அம்மா" என்றான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

சாயங்காலம் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா மாமாவைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"பச்சப் புள்ளக்கிட்ட சொல்ற கதையா அண்ணே இது? எதுக்கு இப்புடிப் பயமுறுத்துனீங்க?"

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததே இல்லை. டிராகனை நினைத்து அவருக்கும் பயம் வந்துவிட்டது போலும் என்று பட்டது. பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"அழுவாதீங்க மாமா. ஒங்கள அது ஒண்ணும் செய்யாது. நாங்கதான போறோம், நீங்க தனியா இங்கயேதான இருக்கப் போறீங்க."

மாமா இன்னும் பெரிதாக அழுதார். இவ்வளவு ஆறுதல் சொல்லியும் மனுஷர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.