உப்பு டப்பாவும் ஐரோப்பிய யூனியனும்

அப்பாவுக்கு யூனியன் என்றால் ஒன்றுதான். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் யூனியன் செயலாளராக இருந்தவர். ஒரு நாடு யூனியனை விட்டு வெளியேறப் போகிறது என்ற செய்தியை அமெரிக்காவில் அண்ணனின் பிளசன்டன் வீட்டு டிவியில் பார்த்த அன்றே அவர் யூனியன் பக்கம் சேர்ந்துவிட்டார்.

"கருங்காலித்தனம். வேறொண்ணுமில்ல."

"அப்பா, அது தொழிற்சங்கம் இல்லப்பா. இருபத்தெட்டு நாடு ஒண்ணா சேந்து..."

"எத்தன பேரா இருந்தா என்ன அம்மணி? சந்தா கட்டறாங்களா இல்லியா?"

"கட்டறாங்க."

"கூட்டம் போட்டுப் பேசறாங்களா?"

"பேசறாங்க."

"அப்ப யூனியன்தான்."

நான் அப்போதுதான் பொதுக் கொள்கையில் எம்.ஏ. முடித்துவிட்டு, அண்ணன் வீட்டு மாடியறையில் இருந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். என் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் முழுக்க பிரிட்டன் வெளியேறும் கதைதான். அதைப் படித்தது ஒரே ஒரு பேராசிரியர். அவரும் முழுதாகப் படித்தாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இப்போது கேட்பதற்கு வீடு நிறைய ஆள் கிடைத்தால் விடுவேனா? அண்ணன் மகளின் வெள்ளைப் பலகையை எடுத்து, அவள் வரைந்திருந்த டைனோசரை அழித்துவிட்டு ஐரோப்பாவை வரைந்தேன். அயர்லாந்து எல்லைக்கு ஊதா நிறம்.

"லண்டன் எம்.பி. எந்திரிச்சுட்டாங்க. தோசைய ஒத்தி வைங்க," என்பான் அண்ணன், நான் பலகையோடு எழுந்தாலே.

எங்களுக்குக் காலையாகும் நேரத்தில் லண்டனில் பாராளுமன்றம் நடக்கும். இங்கே அப்பா காபியோடு உட்கார்ந்திருப்பார். சபாநாயகர் "ஆர்டர்! ஆர்டர்!" என்று கத்துவது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. பேத்தி சாப்பிட அடம்பிடித்தால் அதே குரலில் கத்துவார். அவள் "யூ ஆர் நாட் த பாஸ், தாத்தா" என்பாள். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளுடைய டிபன் பாக்ஸை மூடுவார். அண்ணி சென்னைப் பெண். ஈரோட்டுக்காரர்களான எங்கள் சத்தத்துக்கு நடுவே அவர் ஒருவர்தான் மெதுவாகப் பேசுகிறவர்.

இந்த விவாதங்களில் உருப்படியான கேள்வி கேட்டது அம்மா மட்டும்தான். அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, கறிவேப்பிலை உருவிக்கொண்டு கேட்பாள்.

"அவிய என்னத்துக்குப் போறாங்களாம்?"

"அவங்க சட்டத்த அவங்களே போட்டுக்கணுமாம்மா."

"அது நாயந்தான?"

"என்ன நாயம்?" என்று அப்பா திரும்புவார். அம்மா கறிவேப்பிலையில் மூழ்கிவிடுவாள்.

இன்னொரு நாள் கேட்டாள்: "போறதுக்கு எத்தன நாளைக்கு முன்ன சொல்லோணும்?" ரெண்டு வருஷம் என்றேன். "ரெண்டு வருசமா!" என்று சலித்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள், "போனவங்க மேல இருக்கறவங்களுக்குக் கோவம் தீருமா?" என்று கேட்டாள். அதற்கு என் ஆய்வேட்டில் பதில் இல்லை. ஆனாலும் நான் பதினைந்து நிமிடம் பேசினேன்.

இந்தக் கேள்விகளுக்கான காரணம் பக்கத்து ஊரான மில்பிடாஸில் தெரிந்தது. சனிக்கிழமை அண்ணியின் காரில் நானும் அம்மாவும் மட்டும் இந்தியன் கடைக்குப் போயிருந்தோம். சாமான்களை டிக்கியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், அம்மா கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நம்ம வீட்டுக்கு நாலு தெரு தள்ளி, வயசானவங்களுக்குன்னு ஒரு அபார்ட்மென்ட் இருக்குதல்ல? அதுல ஒரு வீடு காலியா இருக்குது."

"உனக்கெப்படித் தெரியும்?"

காலையில் நடக்கப் போகும்போது ஒரு சீனத்து அம்மாளோடு பழக்கமாம். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. அந்த அம்மாள் ஒரு நாள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தன் சமையலறையைக் காட்டினாராம். ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், சின்ன அலமாரி.

"எல்லாமே அந்தம்மா வெச்ச எடத்துல இருந்துது," என்றாள் அம்மா. "எனக்கு அந்த மாதிரி வேணும்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அண்ணியோடு ஏதாவது சண்டையா என்று கேட்டேன்.

"அந்தப் புள்ள தங்கம். வாய நல்லாக் கழுவு." அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. பிறகு சொன்னாள். இருபது வயதில் கல்யாணமாகி வந்தபோது அது ஆத்தாவின், அதாவது அவள் மாமியாரின் அடுப்படி. உப்புச் சட்டி எங்கே இருக்கவேண்டும் என்பதை ஆத்தாதான் சொல்வார். ஆத்தாவுக்குப் பிறகு மூத்த மருமகளான பெரியம்மாவின் அடுப்படி. அதன் பிறகு விமானம் ஏறி வந்தால் மருமகளின் கிச்சன். அண்ணி உப்பை அடுப்புக்கு வலது பக்கம் இரண்டாவது டிராயரில் வைப்பார். வந்து மூன்று வருடமாகியும் அம்மாவின் கை இடது பக்கம்தான் போகும்.

"அறுபத்தி ரெண்டு வயசாச்சு. ஒரு உப்பு டப்பாவ நான் இன்னும் ஒரு எடத்துல வெச்சதில்ல கண்ணு."

அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. மாமனார் மாமியார் தனியாகப் போனார்கள் என்றால் ஊரில் யாரும் மாமியாரைக் கேட்கமாட்டார்கள். மருமகள் துரத்திவிட்டாள் என்றுதான் சொல்வார்கள். அண்ணியே அப்படி நினைத்து உடைந்துபோனால்? அதனால் சமயம் பார்த்துத் தானே சொல்வதாகவும், அதுவரை நான் வாயைத் திறக்கக்கூடாது என்றும் கார் கதவு மூடியிருந்தபோதே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நான் விஷயத்தைச் சொல்லவில்லை. அதற்குத் தோதாகக் களத்தைத் தயார் செய்யலாம் என்று மட்டும் நினைத்தேன். அத்தனை படித்திருந்தேனே!

அந்த வாரம் பிரிட்டன் பாராளுமன்றம் வெளியேறும் ஒப்பந்தத்தை மறுபடி தோற்கடித்திருந்தது. ஞாயிறு மதியம், சாப்பாட்டு மேஜையில் அப்பா வெற்றிக் களிப்பில் இருந்தார். "பாத்தியா, போக முடியாது. யூனியன்னா சும்மாவா?"

நான் ரசத்தைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்தேன். "அப்பா, நீங்க அதக் கருங்காலின்னு பாக்காதீங்க. தனிக்குடித்தனம் போறாங்கன்னு நெனச்சுக்குங்க. சண்டையில்ல, வெறுப்பில்ல. இத்தன வருஷம் ஒரே வீட்டுல இருந்தவங்க, இனி நம்ம சமையல நாமளே பண்ணிக்கலாம்னு நெனைக்கறது தப்பா?"

மிகப் பொருத்தமான உவமை என்று நினைத்துச் சுற்றிலும் பார்த்தேன். அண்ணியின் கையில் கரண்டி அப்படியே நின்றிருந்தது. அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு குற்றவாளிதான் உண்டு என்பது எனக்கு எப்படி மறந்தது?

"யாரு தனிக்குடித்தனம் போறது?" என்றார் அப்பா.

"யாருமில்லப்பா. பிரிட்டன்."

"பிரிட்டன் எங்க ஆக்கித் தின்னா எனக்கென்ன? நீ யார மனசுல வெச்சுட்டுச் சொல்லறே?" என்றவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "போன வாரம் ரெண்டு பேரும் எங்கியோ வீடு பாக்கப் போனீங்கல்ல?"

"அப்பா, அது என் ஃபிரெண்ட் வாங்கற வீடு. சும்மா கூடப் போனோம்."

"மாமா, நான் எப்பவாவது அப்படிக் கேட்டிருக்கேனா?" அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லேன். உன்கிட்ட நான் ஏதாவது சொன்னேனா?"

பேச்சுக்கே பிறந்தவள் என்று பெயர் வாங்கிய நான் அம்மாவைப் பார்த்தேன். காரில் கொடுத்த சத்தியம் இருந்ததே!

அம்மா எழுந்துபோய், எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நாந்தானுங்க."

"நீ என்ன?"

"தனிக்குடித்தனம் போகோணும்னு ஆசப்பட்டது நாந்தானுங்க. அந்தப் புள்ள இல்ல. நாலு தெரு தள்ளி ஒரு அபார்ட்மென்டு கூடப் பாத்து வெச்சிருக்கறேன்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அண்ணி அம்மாவின் அருகே வந்து, "நான் என்ன குறை வெச்சேன் அத்தை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அம்மா இத்தனை நாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"கொறையே இல்ல சாமி. நீ உப்ப டிராயர்ல வெக்கறே. நான் இக்கட்ட, எடது பக்கமா, தேடறேன். அவ்வளவுதான் விசயம்."

"உப்பா? இந்தப் பக்கமே வெச்சிடறேன் அத்தை. இப்பவே மாத்திடறேன்."

"நீ மாத்தி வெச்சாலும் அது நீ வெச்சதுதான கண்ணு?"

 அப்பாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. "இத்தன வருசம் கூட்டாத்தான இருந்தோம்? ஒரு நாளாவது வாயத் தொறந்து கேட்டிருக்கியா?"

"எங்க கேக்கறது?" என்றாள் அம்மா. குரல் உயரவே இல்லை. "உங்ககூட வேலை பாத்தவங்க சம்சாரமெல்லாம் மாத்தல் ஆகி கரூரு, தருமபுரின்னு போனாங்க. போன எடத்துல தனியா அடுப்பு வெச்சாங்க. யூனியன் செயலாளர மாத்தமாட்டாங்கன்னு நீங்கதான் பெருமையாச் சொன்னீங்க. உங்க யூனியன்னாலதான் எனக்கு மாத்தலே வல்லீங்க."

எதற்கும் பதில் வைத்திருக்கும் அப்பா அன்று ரசத்தைத் தள்ளி வைத்தார். பிறகு கை கழுவிக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்தார். டிவியைப் போடவில்லை.

அடுத்த மூன்று நாள் வீட்டில் பிரிட்டன் பேச்சே எழவில்லை. நான் வெள்ளைப் பலகையைத் துடைத்து அதன் உரிமையாளரிடமே கொடுத்துவிட்டேன். அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீ அந்த வார்த்தையை விட்டுட்டு வேற எது சொல்லியிருந்தாலும் பரவாயில்லடி," என்றார். தன் அம்மாவிடம் போனில் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய கவலை. தனிக்குடித்தனம் என்று சொன்னால் அங்கே முதல் கேள்வியே "என்னடி பண்ணே அவங்கள?" என்றுதான் வரும்.

புதன்கிழமை காலை அப்பா காபிக்கு வரும்போது கையில் ஒரு காகிதம் இருந்தது. மின்வாரியக் கடிதங்களின் அதே நடையில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார். நின்றுகொண்டே வாசித்தார்.

"பொருள்: பணியிட மாறுதல். மேற்படி அம்மையார் நாற்பத்தி ரெண்டு வருசம் ஒரே எடத்துல பணியாற்றியதக் கருத்தில் கொண்டு, நாலு தெரு தள்ளி இருக்கற அபார்ட்மென்டுக்கு மாற்றப்படுகிறார். கூடவே அவருடைய வீட்டுக்காரரும் மாற்றப்படுகிறார்." அங்கே கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஊரு முழுக்க மாத்தல் வாங்கிக் குடுத்தேன். வீட்டுல ஒரு மனு நிலுவைல இருந்தது தெரியாமப் போச்சு."

"மாமா, அப்போ இது தனிக்குடித்தனம் இல்லையா?" என்று அண்ணி கேட்டார்.

"அது எதுக்கு அந்த வார்த்த? மாத்தல் அம்மணி. மாத்தல்ல போறவன் யூனியன விட்டா போறான்? மெம்பர்ஷிப் அப்படியேதான் இருக்கும்."

அண்ணி அன்று தன் அம்மாவுக்குப் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். "மாமாவுக்கும் அத்தைக்கும் டிரான்ஸ்ஃபர்மா," என்றார். சொல்லும்போது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மறுமுனையில் என்ன கேட்டார்களோ, "பக்கத்துலதான். நடந்தா எட்டு நிமிஷம்," என்றார்.

நான் எழுதிய அத்தியாயத்தில் வெளியேறுதல், விலகல், பிரிவு என்று எத்தனையோ சொற்கள் இருந்தன. மாத்தல் இல்லை.

அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. வாரம் ஒரு முறை சாப்பாடு இங்கே என்றார் அண்ணி. இரண்டு முறை அங்கே என்றாள் அம்மா. பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது அப்பாவின் உரிமை என்றும் அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்றும் அப்பா மேஜையைத் தட்டினார். "ஆர்டர்! ஆர்டர்!" என்று பேத்தி கத்தினாள். அண்ணி ஒரு சாவி கேட்டார். அம்மா இரண்டு சாவி கொடுத்தாள்.

இப்படியாக, பிரிட்டன் தவணை மேல் தவணை வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தபோது எங்கள் அம்மா வெளியேறிவிட்டாள்.

பால் காய்ச்சிய அன்று அந்தச் சின்னச் சமையலறையில் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் கதவுக்கு வெளியே. சீனத்து அம்மாள் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, எல்லோரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். அப்பா டிவிக்கு இணைப்புக் கொடுக்க அண்ணனை விரட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஏதோ வாக்கெடுப்பாம்.

அம்மா சாம்பார் கொதிக்கவிட்டு, தேங்காய் எடுக்கத் திரும்பியிருந்தாள். அண்ணி கரண்டியில் எடுத்துக் கையில் விட்டு ருசி பார்த்தார். வலது பக்க டிராயரைத் திறந்தார். கரண்டிகள். அதற்கடுத்த டிராயரில் துணிகள். மேல் அலமாரியில் பருப்பு டப்பாக்கள்.

"அத்தை," என்றார், "உப்பு எங்க வெச்சிருக்கீங்க?"

அம்மா தேங்காயைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். இதைக் கேட்பதற்காகவே இத்தனை தூரம் வந்தவள் மாதிரி அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இரு, நான் எடுத்துத் தர்றேன்," என்று சொல்லி, அடுப்புக்கு இடது பக்கம் கை நீட்டினாள்.