கண் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று

என் அக்காவின் கணவர் வீட்டில் டியூஷன் எடுக்கும் கணக்கு மாஸ்டர். அவருக்கு ஒரு வியாதி உண்டு. பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு, "புரிஞ்சுதா?" என்று கேட்பார். இதை எல்லா வாத்தியார்களும்தான் கேட்கிறார்கள், ஆனால் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அத்தான் காத்திருப்பார். கடைசி வரிசையில் ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் போதும், பலகையைத் துடைத்துவிட்டு முதல் வரியிலிருந்து திரும்ப ஆரம்பிப்பார்.

இந்த அழகில் பாடம் எப்படி முடியும்? பரீட்சை வந்துவிடும், அத்தான் பாதிப் புத்தகத்தில் நிற்பார். பெற்றவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? தெருமுனையில் பெரிய பயிற்சி மையம் ஒன்று திறந்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராக அங்கே மாற்றிவிட்டார்கள். டியூஷன் நடந்த முன்னறை காற்று வாங்கியது. நான் வேலை பார்க்கும் லாரி ஆபீஸில் முதலாளியிடம் பல்லைக் காட்டி, அவருக்கு ஒரு கணக்குப் பார்க்கும் வேலை கேட்டு வைத்தேன். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அத்தான் பிடி கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் லைவில் பாடம் எடுக்கிறார்களாம், தானும் எடுத்துப் பார்ப்பாராம். அதில் ஒரே ஒரு பிள்ளை ஒழுங்காக வந்தால் போதும், ஆபீஸ் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாராம். யாருமே வரவில்லை என்றால், நான் சொன்ன நாற்காலியில் வந்து உட்காருவாராம். வாக்குக் கொடுத்தார். அவர் வாக்கு மாற மாட்டார், அதுதான் எரிச்சல்.

லைவ் என்றால் என்னவோ பொத்தானை அமுக்கினால் வந்துவிடும் என்று நினைத்தோம். ஸ்டாண்டில் போனை நிறுத்தினால் குழல் விளக்கு பலகையில் பட்டு, எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. விளக்கை அணைத்தால் அத்தானே தெரியவில்லை. மைக் படத்தின் மேல் ஒரு குறுக்குக் கோடு இருந்தது. அது இருந்தால் சத்தம் போகுமா, அதை எடுத்தால் போகுமா என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. பிறகு, போனில் பார்த்தால் எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. அத்தான் அதைச் சரிக்கட்ட வலமிருந்து இடமாக எழுதிப் பழக ஆரம்பித்துவிட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டு, அக்காவின் போனில் வாயில் வந்த ஏதோ ஒரு பேரைப் போட்டு அந்த லைவைத் திறந்து காட்டினேன். பார்க்கிறவர்களுக்கு எழுத்து நேராகத்தான் தெரிகிறது, நமக்கு மட்டும்தான் கண்ணாடி மாதிரி என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஒரு வழியாக லைவ் ஓட ஆரம்பித்தது. பிறகு ஒரு வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மாதக் கடைசியில், சாயங்காலம் ஆபீஸ் முடிந்ததும் பதில் கேட்கப் போனேன். அத்தான் சட்டையை இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, லைவுக்குத் தயாராக நின்றார். முகத்தில் பழைய களை. தனக்கு ஒரு பிள்ளை கிடைத்துவிட்டதாகச் சொன்னார். திரையில் கண் படம் ஒன்று இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் தினமும் 'ஒன்று' என்று காட்டுகிறதாம். தொடங்கியதும் வருகிறானாம், முடியும்வரை போவதில்லையாம்.

"பாவம், ரொம்பக் கூச்சப்படுற பிள்ளை போல. புரிஞ்சுதான்னு கேட்டா பதிலே எழுத மாட்டேங்குது. அதான் முதல் நாள் போட்ட கணக்கையே இன்னும் போட்டுட்டு இருக்கேன். உங்க முதலாளிகிட்ட நான் வரலைன்னு சொல்லிடு."

எனக்கு வந்த கோபத்தில் வாயைத் திறந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று, தண்ணீர் குடிக்கும் சாக்கில் அடுப்படிக்குப் போனேன். அதற்குள் முன்னறையில் லைவ் தொடங்கிவிட்டது. அங்கே எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்திருந்த அக்காவின் போனில், சத்தமில்லாமல், அத்தான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இது என்ன என்று அக்காவிடம் கேட்டேன். முதல் நாள் கண் படத்துக்குப் பக்கத்தில் சைபர் இருந்ததாகவும், அதைப் பார்த்து மனுஷன் சோறு இறங்காமல் எழுந்துபோனதாகவும், மறுநாளிலிருந்து தன் போனைத் திறந்து வைத்துவிட்டுச் சமைப்பதாகவும் அக்கா சொன்னாள். என்னமோ சாமான் கழுவுவதைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

"நீ புரிஞ்சுதுன்னு சொல்லலைன்னுதான் ஒரு வாரமா அதே கணக்கைப் போட்டுட்டு இருக்கார்," என்றேன்.

"நான் எங்கே பார்த்தேன்? எனக்கு வேலை இல்லையா?"

மூடிவிடு என்றேன். மூடினால் சைபர் ஆகிவிடுமே என்றாள். நாங்கள் குசுகுசுவென்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் ஒன்று இரண்டானது.

கீழே எழுத்து வந்தது. யாரோ ஒரு பிள்ளை: 'சார் இது நல்லா புரிஞ்சுது. அடுத்த கணக்கு போடுங்க சார், நாளைக்கு டெஸ்ட்.'

முன்னறையில் அத்தான் அதை வாய்விட்டுப் படித்தார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்! பிறகு சொன்னார்:

"கொஞ்சம் பொறுத்துக்கோ தம்பி. உனக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து உட்கார்ந்திருக்கார், அவருக்கு இன்னும் புரியல. அவரை விட்டுட்டு நாம மட்டும் போகக் கூடாது இல்லையா?"

பலகையைத் துடைக்கும் சத்தம் கேட்டது. போனில் அத்தான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். லைவ் என்று பேர்தான், எல்லாம் பின்தங்கித்தான் வருகிறது. பெருக்கினால் ஆறு வர வேண்டும், கூட்டினால் ஐந்து வர வேண்டும் என்று முன்னறையில் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். கண்ணாடி எங்கே என்று தேடினாள், தலைமேலேயே இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்கினாள். என்னிடம் கொடு என்று நான் பிடுங்கப் போனதில் அடித்ததெல்லாம் அழிந்தது. திரும்ப அடித்தாள். 'புரிஞ்சுது சார்' என்று அனுப்பியபோது கண் படத்துக்குப் பக்கத்தில் பழையபடி ஒன்றுதான் இருந்தது.

அத்தான் அதையும் படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்பா," என்றார். "இதுக்குத்தான் இவ்வளவு நாள் காத்திருந்தேன். இன்னொரு தம்பி இருந்தானே, போயிட்டானா? சரி, அவனுக்குத்தான் ஏற்கனவே புரிஞ்சுடுச்சே. நாம அடுத்த கணக்குக்குப் போவோம்."

எனக்குப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. உள்ளே போய் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று இரண்டடி எடுத்து வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு அடுப்பை அணைத்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனின் சத்தத்தைத் திறந்தாள்.

"சும்மா இருடா," என்றாள். "இந்தக் கணக்கு எங்கே முடியுதுன்னு பார்க்கணும். இல்லைன்னா எப்போ புரிஞ்சுதுன்னு சொல்றது?"