தானாகப் புளிக்காத பால்

நான் பாலுக்கு உறை ஊற்றுவதில்லை. நாயுடுபுரத்தில் வீட்டின் பின்னறையில் சீஸ் செய்கிறேன். கறந்த பாலைக் காய்ச்சாமல் பானையில் ஊற்றி, கம்பளியைச் சுற்றி அடுப்படியில் வைத்துவிட்டால் போதும். பாலோடு வந்த பாக்டீரியாவே அதைப் புளிக்க வைத்துவிடும். கொடைக்கானல் குளிரில் அவற்றுக்குக் கொஞ்சம் சோம்பல், ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும். பாக்கெட்டில் விற்கும் உறைப்பொடியை நான் தொட்டதே இல்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

பால் தருபவர் கீழ்த்தெரு அக்கா. இரண்டு மாடு வைத்திருக்கிறார், சுத்தமாகக் கறப்பார். பாக்டீரியா என்று நான் சொல்வதெல்லாம் அவருக்குப் பூச்சிதான். அவர் பால் இல்லாவிட்டால் எனக்குத் தொழில் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒருமுறை மூன்று நாள் பாலும் புளிக்கவில்லை. கசந்து கெட்டுப்போனதைப் பானை பானையாகக் கொட்டினேன். மாட்டுக்கு ஊசி போட்டிருப்பார், அந்த மருந்து பாலில் இறங்கிப் பாக்டீரியாவைக் கொன்றிருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அக்காவை வாசலில் நிறுத்தியே கேட்டுவிட்டேன்.

"ஊசி போட்ட மாட்டுப் பாலை எனக்கு ஏங்க்கா ஊத்துனீங்க? இது ஏமாத்து இல்லையா?"

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"ஊசியெல்லாம் போடல தாயி. காய்ச்சி ஆற வச்சு, ஆடையெடுத்துக் கொண்டாந்தேன்."

"காய்ச்சாத பால்தான வேணும்னு சொல்லியிருக்கேன்!"

"காய்ச்சுன பால்லதான நாங்க தயிரே போடுறோம்? நீ தெனமும் ஒரு வாய் குடிச்சுப் பாக்குறவ. மாசமா இருக்கவ பச்சப் பாலக் குடிக்கலாமா?"

இரண்டு முறை கலைந்துபோன பிறகு, இந்த முறை வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் நான் மூச்சுவிடவில்லை. குமட்டல் தாங்காமல் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் கேனை வாங்குவேன். அந்த நாட்களில் பாலைக் குடித்தும் பார்க்கவில்லை, மோந்தும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் காய்ச்சின வாசனை எனக்கே தெரிந்திருக்கும். அக்கா அந்தத் துப்பட்டாவை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்.

வெட்கமாக இருந்தது. "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"எனக்குச் சோலி கெடக்கு" என்று கேனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நாளைக்குப் பால் வருமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

மறுநாள் வெள்ளனே வந்து நின்றார். ஒரு கையில் வழக்கமான கேன். இன்னொரு கையில் சின்னத் தூக்குச்சட்டி, தொட்டால் சுட்டது.

"கேன்ல இருக்கது உன் பூச்சிகளுக்கு" என்றார். பிறகு தூக்குச்சட்டியை என் கையில் வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது பிள்ளைக்கு. நான் யார்ட்டயும் சொல்லல."