மேயராக இருந்த தூதரோடு கடலூரிலிருந்து சிதம்பரம் வரை

காலை ஐந்தே முக்காலுக்குப் புதுச்சேரியில் கடலூர் பேருந்து ஏறினேன். இருபத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். பிறப்புச் சான்றிதழ், உயில், கல்யாணப் பதிவு என்று பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழிலும் தமிழ்க் காகிதங்களைப் பிரெஞ்சிலும் எழுதித் தருவது என் தொழில். பக்கத்தில் நின்று பேச்சை மொழிபெயர்க்க, அதுவும் ஒரு தூதருக்காக, அன்றுதான் முதல் முறையாகப் போகிறேன்.

அவர் பெயர் காமாட்சி. இந்தியப் பெருங்கடலில் உள்ள ஒரு சிறிய தீவு நாட்டின் தூதர். நாட்டின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். தூதராவதற்கு முன் அந்நாட்டுத் துறைமுக நகரத்தின் மேயராக இருந்தவர். தமிழ் வம்சாவளி; தமிழ் கேட்டால் பாதி புரியும், பேச வராது. பேசுவது பிரெஞ்சு.

ஐந்து மாதங்களுக்கு முன் கடலூர்ப் பக்கத்து ஆட்கள் ஏழு பேர் ஆழ்கடல் படகொன்றில் சூரை மீன் பிடிக்கப் போனார்கள். எஞ்சின் நின்று, படகு காற்றோடு போய் அந்தத் தீவின் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. பிடித்து வழக்குப் போட்டார்கள். ஆறு பேரை விட்டுவிட்டார்கள். படகை ஓட்டிய ராஜவேலுவை மட்டும் விடவில்லை. எல்லை தாண்டியது அவர் குற்றம் என்றார்கள்.

ஏழு மணிக்குக் கடலூர் துறைமுகத்தில் இறங்கினேன். ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஐஸ் உடைக்கும் சத்தத்துக்கு நடுவே காமாட்சி பருத்திப் புடவையில், ரப்பர் செருப்போடு ஈரத்தில் நின்றிருந்தார். சுற்றிலும் இருபது முப்பது பெண்கள். முன்னால் நின்றவர் ராஜவேலுவின் மனைவி செல்வி. சிதம்பரத்துக்குப் பக்கத்துக் கிள்ளையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார்.

"ஆறு பேரு வந்து ஒரு மாசம் ஆச்சு. எங்க வூட்டுக்காரரு நேத்தே வந்துடுவாருன்னு சொன்னீங்க. இன்னிக்கி என்னா சொல்லப் போறீங்க?"

கேள்வியைக் கொஞ்சம் தணித்துப் பிரெஞ்சில் சொன்னேன். காமாட்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "எனக்குப் பாதி புரிந்தது. அவர் கோபமாகக் கேட்கிறார். அப்படியே சொல்லுங்கள்."

அப்படியே சொன்னேன். அவர் பதில் சொன்னார்: "நேற்று சென்னையில் இறங்கிவிட்டார். அதிகாரிகளின் விசாரணை இன்னும் முடியவில்லை. முடிந்ததும் காலை ரயிலில் ஏற்றிவிட என் உதவியாளரை அங்கே நிறுத்தியிருக்கிறேன். ஏறினாரா என்று இதுவரை எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இம்மாந் தூரம் வந்தீங்க?"

"ஆமாம். அதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை."

கூட்டம் கலையவில்லை. ஒருவர் டீ வாங்கி வந்து தூதர் கையில் கொடுத்தார். அவர் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். ஏழு ஐம்பதுக்கு அவருடைய போன் அடித்தது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அதை அப்படியே செல்வியிடம் நீட்டினார். சுற்றி நின்ற எல்லோருக்கும் அந்தக் குரல் கேட்டது.

"செல்வி, நான்தான். ரயில் ஏறிட்டேன்."

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டபடியே செல்வி மீன் கூடை ஒன்றின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

ரயில் கடலூரிலும் நிற்கும். ஆனால் செல்வியின் பெண் பிள்ளைகள் இருவரும் சித்தப்பாவோடு சிதம்பரம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள். "அதுங்களதான் அவரு மொதல்ல பாக்கணும்" என்றார் செல்வி. காமாட்சி அவரைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். ஆலப்பாக்கம் தாண்டியதும் செல்வி என் தோளைத் தொட்டார். "இந்தம்மா முன்னாடி என்னா வேல பாத்தாங்கன்னு கேளுங்களேன்."

காமாட்சி சிரித்துக்கொண்டே சொன்னார். துறைமுகத்தை ஒட்டிய பள்ளியில் டீச்சராக இருந்தார். மழை பெய்தால் வகுப்புக்குள் சாக்கடைத் தண்ணீர் வரும். பிள்ளைகளின் தாய்மாரைக் கூட்டிக்கொண்டு நகராட்சிக்குப் போனார். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். தேர்தலில் நின்றார், தோற்றார். மறுபடி நின்று ஜெயித்தார். பிறகு மேயரானார். கால்வாயைத் தூர்வாரினார். புயலில் வீடிழந்தவர்களுக்கு நகர மன்றக் கூடத்தையே திறந்துவிட்டார். இந்தியாவுக்குத் தூதராக அனுப்பியபோது, சாக்கடை அள்ளியவருக்குத் தூதரகமா என்று அங்கே கேலி பேசினார்களாம்.

"வந்ததும் என் மேஜையில் இருந்த முதல் ஃபைல் உங்கள் கணவருடையது. வழக்கில் தூதர் தலையிட முடியாது என்றார்கள். சரி, சாட்சி தேடலாம் அல்லவா? ஃபைலில் உங்கள் போன் நம்பர் இருந்தது. உதவியாளரை விட்டு உங்களை அழைத்தேன்."

அடுத்து நடந்தது எனக்கும் தெரியும். எஞ்சின் நின்ற அன்று ராஜவேலு வயர்லெஸ்ஸில் உதவி கேட்டதை வேறு மூன்று படகுகளின் டிரைவர்கள் கேட்டிருந்தார்கள். செல்வி மூவர் வீட்டுக்கும் போய், கேட்டதைக் கேட்டபடி எழுதி வாங்கினார். ஒருவர் திட்டக்குடிப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்க, அங்கேயும் தேடிப் போனார். அந்த மூன்று கடிதங்களைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தவன் நான். 'எஞ்சின் செத்துப்போச்சு, காத்து தெக்கால இழுக்குது' என்ற வரிக்கு ஒரு பகல் முழுக்க மெனக்கெட்டேன். படகு அத்துமீறவில்லை, கடல்தான் இழுத்து வந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

இதைச் செல்வியிடம் சொன்னேன். "நீங்கதானா அது?" என்றார். புதுச்சத்திரத்தில் காரை நிறுத்தச் சொல்லி எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கினார். டீ பதினைந்து ரூபாய். காமாட்சி கொடுக்க வந்த பணத்தைத் தள்ளிவிட்டார்.

பதினொன்றரைக்குச் சிதம்பரம் ஸ்டேஷனில் காமாட்சி தானே வரிசையில் நின்று எங்களுக்குப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தார். ஆளுக்குப் பத்து ரூபாய். கிள்ளையிலிருந்து இரண்டு வேன் நிறைய சனம் வந்திருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு இருபதுக்கு ரயில் வந்தது. மூன்றாவது பெட்டியிலிருந்து மெலிந்த மனிதர் ஒருவர் ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கினார். பெரிய பெண் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சின்னவள் தாடியைப் பார்த்துத் தயங்கினாள். அவர் குந்தி உட்கார்ந்து, "அப்பாதாண்டா" என்றார். அவள் வந்தாள். பிளாட்பாரமே கைதட்டியது, யாரென்று தெரியாத பயணிகள்கூடத் தட்டினார்கள்.

ராஜவேலு காமாட்சியின் முன் கைகூப்பி நின்றார். "அம்மா, நான் வந்துட்டேன். எங்க போட்டு அங்கியே கெடக்குதும்மா. ஏழு குடும்பம் அதாலதான் சாப்புடுது."

இந்த நேரத்தில் இதையா கேட்பது என்று செல்வி அவர் கையைப் பிடித்து இழுத்தார். காமாட்சி கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, படகின் பதிவு எண்ணைச் சொல்லச் சொன்னார். ராஜவேலு சொல்ல, நான் மொழிபெயர்த்தேன். எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டார்.

இரண்டு மணிக்குக் காமாட்சி சென்னைக்குக் கிளம்பினார். நான் புதுச்சேரிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வீட்டில் என் மேஜைமேல் இன்னும் ஒன்பது காகிதங்கள் காத்திருந்தன. யார் யாருடையவை என்று இதுவரை நான் யோசித்ததில்லை. போனதும் முதலில் பெயர்களைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது.