பெருந்துறைக்குப் போன ஏழடிப் படகு

ஞாயிறு காலை ஆறு மணி. கோவை கணபதியில் எங்கள் பட்டறை வாசலிலிருந்து கிளம்பியபோது தெரு முழுக்கப் பனி. முன்னால் குட்டி யானை வண்டி, அதன் மேல் போர்வை சுற்றிய படகு. பின்னால் காரில் என் வீட்டுக்காரர் காசிமும் மகள் நஸ்ரினும். நான் குட்டி யானையில் டிரைவர் செல்வராசு பக்கத்தில் ஏறிக்கொண்டேன். காரில் இருந்தால் அத்தாவும் மகளும் வழியெல்லாம் பலகைக் கனத்தைப் பற்றியே பேசுவார்கள், என் காது தாங்காது. வண்டி வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, சுங்கம் தனி.

"ஏனுங்க அக்கா, உள்ளார என்னங்க? மாட்டுத் தொட்டிங்களா?" என்றார் செல்வராசு.

"படகுங்க."

கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்துக்கொண்டார். "பெருந்துறைப் பக்கம் கடல் வந்துபோட்டதுங்களா?" என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல் கியரை மாற்றினார்.

கடல் வரவில்லை, நாங்கள்தான் போனோம். சென்ற ஆண்டு கடலோரத் தொண்டியில் ஒரு கல்யாணம். கரையில் ஏற்றிவைத்திருந்த ஒரு வத்தையில் நஸ்ரினைத் தூக்கி உட்கார வைத்தோம். வத்தை என்பது தண்டு, அதாவது நீளத் துடுப்பு, வலித்துப் போகிற மரப்படகு. அது பதினெட்டு அடி, எட்டுப் பேர் போகலாம். நஸ்ரினுக்கு இருபத்து மூன்று வயது. சிறு வயதிலேயே கால்கள் வலுவிழந்துவிட்டன. சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளித் தோள்கள் மட்டும் இரும்பாகிவிட்டன. மணலில் அசையாமல் நின்ற அந்தப் படகில் உட்கார்ந்து, காற்றைத் தண்டு வலித்துக்கொண்டே இருந்தாள். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. இவர் பையிலிருந்து டேப்பை எடுத்துப் படகை அளக்கத் தொடங்கினார். நாங்கள் பந்திக்குப் போனபோது பிரியாணி தீர்ந்திருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

இவர் வார்ப்படப் பட்டறைகளுக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுப்பவர். அந்த மாதிரியை மணலில் பதித்து இரும்பை ஊற்றுவார்கள். ஆறும்போது இரும்பு சுருங்கும் என்பதால் எதையும் ஒரு மயிரிழை பெரிதாகவே செய்து பழகிய கை. அதே வத்தையை மகளுக்காகச் சின்னதாகச் செய்வது அந்தக் கைக்குப் புதிது. அதனால் படத்தை மகள் போட்டாள். அவள் ஒரு பம்பு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவள். குட்டி யானையில் ஏற வேண்டும், ஏழடிக்கு மேல் வேண்டாம் என்றாள். அகலத்தை மட்டும் அவ்வளவு குறைக்கவில்லை, குறைத்தால் படகு உருண்டுவிடுமாம். காலை உதைத்து வலிக்க முடியாதவள் என்பதால் இருக்கையைப் பின்பக்கம் தாழ்த்தி, முழங்காலுக்கு முன் ஒரு குறுக்குக்கட்டை வைத்தாள். ஆஞ்சிலி மரம் போத்தனூரில் கிடைத்தது.

இவர் கேட்டது ஒன்றுதான். இரண்டு இருக்கை வேண்டும். மகளுக்கு எதிரில் தானும் உட்கார வேண்டும். மகளை எங்கும் தனியாக அனுப்பிய மனிதர் இல்லை. கம்பெனிக்கும் தானே கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் மணி அடிக்கும் முன்பே வாசலில் நிற்பார். "நாலு பேரு பாக்குறாங்க அத்தா" என்பாள் அவள். "பாக்கட்டும்" என்பார். இரண்டு இருக்கை வரைந்து கொடுத்தாள்.

அவிநாசியில் டீ, பதினைந்து ரூபாய். அதைத் தாண்டியதும் வெயில் பனிக்குள் மெல்ல இறங்கியது. எனக்குத் தூக்கமா விழிப்பா என்று தெரியாத நிலை. இருபுறமும் மில் சுவர்கள், தென்னந்தோப்புகள், சோளக்காடுகள் பின்னால் நழுவிக்கொண்டிருந்தன. விஜயமங்கலம் சுங்கச்சாவடியில் போர்வை விலகிப் படகின் மூக்கு வெளியே தெரிந்தது. பக்கத்துப் பேருந்தின் ஜன்னல் முழுக்க முகங்கள். ஒரு குழந்தை எங்களைப் பார்த்து இரண்டு கையாலும் துடுப்பு போட்டது. நெடுஞ்சாலையில் நாங்கள் மிதந்துதான் போகிறோம் என்று எனக்கே தோன்றிவிட்டது.

எட்டரைக்குப் பெருந்துறை. கோவையிலிருந்து எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து சென்னிமலைச் சாலையில் திரும்பினோம். மொபெட்டில் முன்னால் வழிகாட்டிப் போனவர் பழனிச்சாமி அண்ணன். சிப்காட்டில் வார்ப்படப் பட்டறை, ஊரில் தோட்டம். இவரிடம் நெடுநாளாக மாதிரி வாங்குகிறவர். அவர் தோட்டத்தின் கடைசியில் கைவிட்ட கல்குழி ஒன்று, வாய்க்கால் கசிவில் நிரம்பிக் கிடக்கிறது. இரண்டு ஏக்கருக்குக் குறையாது. பச்சைத் தண்ணீர், அதில் தலைகீழாகப் பனைமரங்கள், அதற்கும் கீழே மேகம். பார்த்துக்கொண்டே இருந்தால் எது மேல் எது கீழ் என்பது மறந்துபோகிறது.

"ஆழம் எவ்வளவுங்க?" என்றேன்.

"மூணாள் இருக்குமுங்க. பயப்படாதீங்க, நான் கெணத்துலயே வளந்தவனுங்க" என்று ஒரு லாரி டியூபைத் தட்டிக் காட்டினார் பழனிச்சாமி அண்ணன்.

முன்பு கல் லாரிகள் இறங்கிய சரிவு அப்படியே இருந்ததால் நாற்காலி தண்ணீர் வரை போயிற்று. ஆரஞ்சு மிதவைச் சட்டை போட்டு நஸ்ரினைப் படகில் ஏற்றினோம். படகு கொஞ்சம் அமிழ்ந்து, நேராக நின்றது. அடுத்து இவர் ஏறினார். தொண்ணூறு கிலோ. பின்பக்கம் இறங்கியது, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு விரல்தான் இடைவெளி. அவர் இருமினார். ஒரு கை தண்ணீர் உள்ளே வந்தது.

"எறங்குங்க பாய்" என்றார் பழனிச்சாமி அண்ணன்.

இவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். முகம் வெளுத்திருந்தது. "கணக்கு எங்கியோ தப்பிப்போச்சு. பதினெட்டுக்கு எட்டுப் பேருன்னா, ஏழுக்கு மூணு பேராவது வரணுமே."

"நீளம் மட்டுமா கொறையுது அத்தா? அகலமும் ஆழமும் சேந்துதானுங்க கொறையுது. ஆளு மட்டும் கொறையறதில்ல" என்றாள் நஸ்ரின், தண்டைப் பார்த்துக்கொண்டே.

இரும்பில் இதே கணக்கை ஆயிரம் தடவை போட்டவர் இவர்.

"உனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்பறம் எதுக்கு ரெண்டு சீட்டு?"

"ஒண்ணுன்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

மகளை இழுத்துக்கொண்டு காருக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அதே சமயம், அப்படிப் போடு கண்ணு என்று உள்ளுக்குள் ஒருத்தி கை தட்டினாள். இரண்டும் நான்தான். இவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றார். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. பழனிச்சாமி அண்ணனும் செல்வராசும் படகைத் தள்ளிவிட்டார்கள்.

முதல் இழுப்பில் படகு வட்டமடித்தது. அடுத்ததில் வழி பிடித்துக்கொண்டது. தண்டு வலிப்பவருக்கு முதுகுதான் முன்னால் போகும், முகம் கரையைப் பார்த்தபடியே இருக்கும். எங்களை விட்டு விலகிப் போகிறவள் எங்களையே பார்த்துக்கொண்டு போனாள். அதனால் இவருக்கு வேறு வழியில்லை, சிரித்த முகமாகவே நின்றார். பனைநிழல்களைக் கலைத்துக்கொண்டு, மேகத்தின் நடுவே அவள் ஒரு ஆரஞ்சுப் புள்ளி ஆகும்வரை நின்றார். தண்டு தண்ணீரில் விழும் சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

அக்கரை அருகே படகைத் திருப்பினாள். இப்போது முதுகு எங்கள் பக்கம். அந்த நிமிடமே இவர் சரிவில், ஈரத்தில், அப்படியே உட்கார்ந்து அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பார்த்திராத அழுகை. செல்வராசு வண்டியின் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். படகு கரை தட்டும் முன் அதே தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"நேரா வந்தேனுங்களா அத்தா?"

"நேரா வந்த."

"இன்னொருக்கா போயிட்டு வாரட்டுங்களா?"

இவர் பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்தார். படகின் மூக்கை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். இந்த முறை தள்ளிவிட்டவர் அவரேதான்.