பதிமூன்றாம் நம்பர் காடு

கத்தரீனாளுக்கு வாய் நீளம் என்று சூரியநெல்லி எஸ்டேட் முழுக்கப் பேச்சு. இருபத்தாறு வருஷமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். சூப்பர்வைசரையே ஓர் அதட்டில் அடக்கிவிடுவாள். அந்த வாய் செல்லாத இடம் ஒன்றே ஒன்று, மகள் ஜிஸ்மி.

ஜிஸ்மிக்கு இருபது வயது. ஆட்டிசம். பேச்சு குறைவு; தொழிலாளர் லயத்து வீட்டுக் கட்டிலை விட்டு இறங்குவது அதைவிடக் குறைவு. உடம்பு பெருத்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. "தினம் நடக்க வைங்க, இல்லேன்னா இந்த வயசுலயே சர்க்கரை வந்திரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கத்தரீனாள் அவளை ஜீப் ரோட்டில் கூட்டிப்போனாள். முதல் ஹாரனுக்கே மகள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பிஸ்கட்டைக் காட்டி இழுத்துப் பார்த்தாள். பிஸ்கட் தீர்ந்தது, நடை தொடங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, ஆளில்லாத தேயிலைக் காட்டு வழியாகத் திரும்பும்போது ஜிஸ்மி ஒரு கல்லின் முன் நின்றாள். எஸ்டேட்டில் பிரித்துவிட்ட ஒவ்வொரு காட்டின் எல்லையிலும் இப்படி ஒரு கல், அதில் வெள்ளையில் நம்பர். இது ஒன்பது. தடவிப் பார்த்துவிட்டு, பத்தைத் தேடித் தானே நடந்தாள். பதினொன்று. பன்னிரண்டு. கத்தரீனாள் சத்தம் காட்டாமல் பின்னால் போனாள்.

அடுத்து வந்தது பதினாலு. பதிமூன்று ஆகாத எண் என்று எந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரையோ விட்டுவிட்டுப் போயிருந்தார். ஜிஸ்மி தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் மூன்று நாள் வாசலைத் தாண்டவில்லை. அந்தத் துரையைக் கத்தரீனாள் வைத வசவை இங்கே எழுத முடியாது.

நாலாம் நாள் சுண்ணாம்பு டப்பாவும் கையுமாகச் சூப்பர்வைசர் செல்லத்துரை முன் போய் நின்றாள்.

"அண்ணே, பன்னெண்டுக்கும் பதினாலுக்கும் நடுவுல ஒரு பாறை கெடக்குல்லா, அதுல பதிமூணுன்னு எழுதிக்கிடுதேன்."

"ரிஜிஸ்டர்ல அப்படி ஒரு காடே இல்லியே, கத்தரீனா!"

"எம் மவ ரிஜிஸ்டர்ல இருக்குண்ணே."

அவர் தலையைச் சொறிந்தார். "நான் ஒண்ணையும் பாக்கல. எழுதிட்டுப் போ."

சாயங்காலம், "பதிமூணு வந்தாச்சு" என்று தாய் கூட்டிவர, கோணலாக நின்ற பதிமூன்றை ஜிஸ்மி இரண்டு கையாலும் தடவினாள். பிறகு விறுவிறுவென்று மேட்டில் ஏறினாள். இந்த முறை இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கி நின்றது தாய்தான். முன்னால் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, வா. பதினாலு."

இருபது வருஷத்தில் மகள் தன்னை வா என்று கூப்பிட்டுக் கத்தரீனாள் கேட்டதில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடு ஏறினாள்.